சாதாரண எடிட்டரில் எழுதி வலைப்பதிவு நடத்த எந்தக் கருவி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வலைப்பதிவை உரைக்கோப்பாக எழுதி வெளியிடுகிறேன் என்று சொன்னாலே நண்பர்கள் கேள்விகளை அடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் அதே சந்தேகங்கள்தான். அவர்கள் கேட்ட வாசகத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். தொடக்கநிலைக் கேள்விகள் முதலில் வரும். தமிழில் எழுதுவோருக்கே உரிய சிக்கல்கள் நடுவில் வரும். ஆங்கிலக் கையேடுகளில் இவற்றுக்கு விடை கிடைக்காது என்பதால் அங்கே சற்று விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

பிளாகரில் நேரடியாகத் தட்டச்சு செய்து வெளியிடுகிறேனே, அதில் என்ன குறை?

எழுதுவதில் குறை ஒன்றும் இல்லை. எழுதியதைப் பாதுகாப்பதில்தான் குறை. அங்கே உங்கள் பதிவு வேறொருவருடைய தரவுத்தளத்தில் இருக்கிறது. இலவசமாக வலைப்பக்கம் வைக்க இடம் தந்த ஜியோசிட்டிஸை யாகூ நிறுவனம் 2009இல் மூடியது. போஸ்டரஸ் என்ற வலைப்பதிவுச் சேவை 2013இல் மூடப்பட்டது. நகல் எடுத்து வைத்தவர்கள் தப்பித்தார்கள், மற்றவர்கள் தேடி அலைந்தார்கள்.

நான் சொல்லும் முறையில் ஒவ்வொரு பதிவும் உங்கள் கணினியில் இருக்கும் ஓர் உரைக்கோப்பு. தள உருவாக்கி என்னும் மென்பொருள் அந்தக் கோப்புகளைப் படித்து, முகப்பு, குறிச்சொல் பக்கங்கள், ஓடை (புதிய பதிவுகளை வாசகருக்கு அறிவிக்கும் கோப்பு) எல்லாவற்றையும் எச்டிஎம்எல் பக்கங்களாக ஆக்கித் தருகிறது. அவற்றை ஒரு வழங்கியில் ஏற்றினால் தளம் தயார். இது புதிய யோசனை அன்று. 2000களின் தொடக்கத்திலேயே பிளாக்ஸம் என்ற சிறு பெர்ல் நிரல் இதைச் செய்தது. கோப்பு கடைசியாகச் சேமிக்கப்பட்ட நேரத்தையே அது பதிவின் தேதியாக எடுத்துக்கொண்டது. ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தினால் பழைய பதிவு முகப்புக்கு ஏறிவிடும். இன்றைய கருவிகள் தேதியைக் கோப்பின் உள்ளேயோ பெயரிலேயோ எழுதச் சொல்வது இந்தத் தொல்லையைத் தவிர்க்கத்தான்.

நான் தமிழாசிரியை. நிரல் எழுதத் தெரியாது. எனக்கு இது ஒத்துவருமா?

ஒத்துவரும். நிரல் எழுத வேண்டியதில்லை. முன்னோட்டம் பார்க்க ஒரு கட்டளை, வெளியிட ஒரு கட்டளை, இந்த இரண்டையும் கறுப்புத் திரையில் தட்டச்சு செய்யத் தயங்காமல் இருந்தால் போதும். முதல்முறை நிறுவும் நாளில் மட்டும் விவரம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

படங்களை இழுத்துப் போட்டு, இடம் மாற்றி, வண்ணம் பார்த்துப் பதிவு அமைப்பவர்களுக்கு இந்த முறை எரிச்சலூட்டும். அவர்கள் இருக்கும் இடத்திலேயே இருந்துகொண்டு மாதம் ஒருமுறை முழு நகலை இறக்கி வைப்பதே நல்லது. எழுத்தே பிரதானம் என்பவர்களுக்குத்தான் இதைப் பரிந்துரைக்கிறேன்.

மார்க்டவுன் கட்டாயம் கற்க வேண்டுமா?

வேண்டும், ஆனால் கற்பதற்கு அதில் அதிகம் இல்லை. 2004இல் ஜான் க்ரூபர் வெளியிட்ட எளிய குறியீட்டு முறை அது. வரியின் தொடக்கத்தில் ஒரு எண்குறி இட்டால் தலைப்பு. சொல்லின் இருபுறமும் இரண்டு நட்சத்திரக் குறிகள் இட்டால் தடித்த எழுத்து. பத்திகளுக்கு இடையே ஒரு வெற்று வரி. ஒரு மாலைப்பொழுதில் கை பழகிவிடும்.

ஒவ்வொரு கருவியும் மார்க்டவுனைச் சற்று வேறுவிதமாகப் புரிந்துகொண்டதால் 2014இல் காமன்மார்க் என்ற துல்லியமான விதித்தொகுப்பு வந்தது. அடிக்குறிப்பு இரண்டிலுமே இல்லை. ஆனால் நான் கீழே சொல்லும் தள உருவாக்கிகளான ஹியூகோவும் ஜெக்கிலும் தாமாகவே அதைச் சேர்த்திருக்கின்றன. ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எந்த எடிட்டரில் எழுதுவது? விம்மில் எழுதினால் கொம்பும் காலும் தனித்தனியாக நிற்கின்றன.

குறை விம்முடையது மட்டுமன்று. அது ஓடும் முனையத்துடையதும்தான். முனையம் என்னும் அந்தக் கறுப்புத் திரை தன் பரப்பைச் சம அளவுக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்தை வைக்கிறது. "கொ" போல இருபுறமும் குறி ஏற்கும் எழுத்து அந்தக் கட்டத்துக்குள் அடங்குவதில்லை. கேட், விஎஸ் கோட் போன்ற தனிச்சாளர எடிட்டர்களில் இந்தத் தொல்லை இல்லை. ஈமேக்ஸ் பழகியவர்கள் 2020இல் வந்த 27ஆம் பதிப்போ அதற்குப் பிந்தியதோ வைத்துக்கொள்ளுங்கள். ஹார்ஃப்பஸ் எழுத்து வடிவாக்கி அதில் சேர்ந்த பிறகு தமிழ் ஒழுங்காகத் தெரிகிறது.

விண்டோஸ் நோட்பேடும் போதும், ஆனால் பதிப்பைப் பாருங்கள். 2019ஆம் ஆண்டின் விண்டோஸ் 10 மேம்பாட்டிலிருந்துதான் அது இயல்பாகவே, எல்லா மொழி எழுத்துகளையும் ஏற்கும் யுடிஎஃப்-8 முறையில் சேமிக்கிறது. அதற்கு முந்தியதில் சேமிக்கும்போது முறையை நீங்களே தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழ் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும். அப்படி ஆனதை மீட்க வழியே இல்லை.

சுற்றி வளைக்காமல் ஒரு கருவியின் பெயரைச் சொல்லுங்கள்.

கணினியில் எதையும் நிறுவ விருப்பம் இல்லை என்றால் ஜெக்கில், கிட்ஹப் பேஜஸ் (கோப்புகளை ஏற்றினால் அவற்றைத் தளமாக வெளியிடும் சேவை) வழியாக. உங்கள் கணினியிலேயே எல்லாம் நடக்க வேண்டும் என்றால் ஹியூகோ.

ஜெக்கில் 2008இல் ரூபி மொழியில் எழுதப்பட்டது. அதை ஒரு கணினியில் நிறுவுவது சிரமம். ரூபியின் பதிப்பும் துணைப்பொதிகளின் பதிப்புகளும் ஒத்துப்போக வேண்டும். ஆனால் கிட்ஹப் பேஜஸ் தன் வழங்கியிலேயே ஜெக்கிலை ஓட்டுகிறது. அங்குள்ள பதிவுக் கோப்புறையில் ஆண்டு, மாதம், நாள், தலைப்பு என்ற வரிசையில் பெயரிட்ட ஒரு கோப்பை வைத்தால் சிறிது நேரத்தில் பதிவு வெளியாகிவிடும். அந்தத் தமிழாசிரியைக்கு நான் சொன்னது இதைத்தான்.

ஹியூகோ 2013இல் வந்தது, கோ மொழியில் எழுதப்பட்டது. ஒரே ஓர் இயக்கக் கோப்பு. அதை இறக்கி வைத்தால் நிறுவல் முடிந்தது. ஆயிரம் பதிவுகள் இருந்தாலும் கண் இமைக்கும் நேரத்தில் தளத்தை உருவாக்கிவிடுகிறது. அதன் வார்ப்புரு மொழி கரடுமுரடானது. புதிய பதிப்புக்கு மாறினால் பழைய தீம்கள் (தளத்தின் தோற்றத்தை அமைக்கும் கோப்புத் தொகுப்புகள்) பிழை காட்டுவதும் உண்டு. ஆகவே உங்கள் தளம் சரியாக ஓடும் அந்த இயக்கக் கோப்பை உங்கள் பதிவுகளோடு சேர்த்தே சேமித்து வையுங்கள். பதிப்பை உயர்த்தும் அவசரம் உங்களுக்கு இல்லை.

எந்தக் கருவியானாலும் தீமின் அழகைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஒரு சோதனைப் பதிவு எழுதுங்கள். தமிழ்த் தலைப்பு, நாலடிக் கவிதை, "கொழும்பு" என்ற குறிச்சொல், ஓர் அடிக்குறிப்பு, ஒரு படம் இவை அதில் இருக்கட்டும். அந்த ஒரு பதிவு சரியாக வெளிவரும் கருவியே உங்களுக்கு ஏற்றது. ஏன் இந்த ஐந்து என்பது கீழே புரியும்.

இந்த இரண்டைத் தவிர வேறு ஒன்றும் இல்லையா?

நிறைய இருக்கின்றன. பைத்தான் தெரிந்தவர்களுக்குப் பெலிகன், ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தவர்களுக்கு லெவன்ட்டி. ஈமேக்ஸிலேயே நாள் முழுவதும் இருப்பவர்கள் மார்க்டவுனுக்குப் பதில் அதன் சொந்தக் குறியீட்டு முறையான ஆர்க் மோடில் எழுதி அங்கிருந்தே வெளியிடலாம். ஹியூகோவும் ஆர்க் கோப்புகளைப் படிக்கும்.

இவை எல்லாமே பெரிது என்று நினைப்பவர்களுக்குப் பேண்டாக் போதும். 2006 முதல் இருக்கும் கோப்பு மாற்றி அது. தலைப்பகுதி, அடிப்பகுதி என்று இரண்டு எச்டிஎம்எல் துண்டுகளும் ஒரு சிறு ஷெல் நிரலும் இருந்தால் நூறு பதிவுகள் வரை நிம்மதியாக ஓட்டலாம். ஓடையை மட்டும் தனியாக உருவாக்க வேண்டியிருக்கும். அங்கேதான் பலர் அலுத்துப்போய்த் தள உருவாக்கிக்கு வருகிறார்கள்.

எவ்வளவு செலவாகும்?

கிட்ஹப் பேஜஸ், கிட்லேப் பேஜஸ், கிளவுட்ஃப்ளேர் பேஜஸ், நெட்லிஃபை எல்லாவற்றிலும் தனிநபர் வலைப்பதிவுக்குப் போதுமான இலவச இடம் உண்டு. கிட்ஹப் பேஜஸில் தளத்தின் அளவு 1 ஜிபிக்குள் இருக்க வேண்டும். எழுத்து மட்டும் என்றால் வாழ்நாள் முழுவதும் எழுதினாலும் அதை எட்ட மாட்டீர்கள். கேமராவிலிருந்து வந்த படங்களைச் சுருக்காமல் ஏற்றினால் சீக்கிரமே எட்டிவிடும்.

சொந்த முகவரிக்கான ஆண்டுக் கட்டணம் ஒன்றுதான் நான் செலவிடச் சொல்லும் பணம். வழங்கியை மாற்றினாலும் முகவரி உங்களோடு வரும். இன்னொன்று: கிட்ஹப் இலவசக் கணக்கில் பேஜஸ் தளத்துக்கான களஞ்சியம், அதாவது உங்கள் கோப்புகள் இருக்கும் இடம், பொதுவில் இருக்கும். வரைவு என்று குறித்த கோப்பு தளத்தில் தெரியாது, களஞ்சியத்தைத் திறப்பவருக்குத் தெரியும். வெளியிட நினைக்காததை அங்கே வைக்காதீர்கள்.

பதிவின் முகவரியைத் தமிழிலேயே வைக்கலாமா?

வைக்கலாம், வேலை செய்யும். ஆனால் அந்த முகவரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ ஒட்டும்போது பல இடங்களில் அது விழுக்காட்டுக் குறிகளாக விரிந்துவிடும். யுடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியெண்ணும் (ஓர் எழுத்துக்கோ குறிக்கோ யூனிகோடு தரும் எண்) 3 பைட். விரிந்த வடிவில் ஒவ்வொன்றும் 9 எழுத்தாகிறது. "தமிழ்" என்பதில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியெண்கள் இருப்பதால் அது 45 எழுத்தாகும். "மழைக்கால நினைவுகள்" என்று தலைப்பிட்டால், நடுவே வரும் சிறுகோட்டோடு சேர்த்து 154. படிப்பவர் அதைப் பார்த்து ஏதோ மோசடி இணைப்பு என்று பயப்படுகிறார்.

கோப்புப் பெயருக்கும் இது பொருந்தும். லினக்ஸில் வழக்கமான கோப்பு முறைமை ஒரு பெயருக்கு 255 பைட் வரைதான் இடம் தருகிறது, அதாவது 85 தமிழ்க் குறியெண்கள். நீளமான தலைப்பைக் கோப்புக்கு அப்படியே பெயராக வைத்தால் சேமிக்க மறுக்கும். தலைப்பைத் தமிழில் எழுதுங்கள், முகவரியை மட்டும் ரோமன் எழுத்தில் இரண்டு மூன்று சொற்களில் நீங்களே கொடுங்கள். கருவியே ஒலிபெயர்க்கட்டும் என்று விட்டால் படிக்கவே முடியாத ஏதோ ஒன்று வரும்.

ஐயா, கவிதை எழுதினால் எல்லா அடிகளும் ஒரே வரியாக ஒட்டிக்கொள்கின்றனவே?

மார்க்டவுனில் ஒரு பத்திக்குள் வரும் வரிமுறிவு வெறும் இடைவெளியாகவே கருதப்படும். அடி முடியும் இடத்தில் இரண்டு இடைவெளி இட்டால் முறிவு கிடைக்கும் என்று கையேடுகள் சொல்கின்றன. அதை நம்பாதீர்கள். வரி இறுதி இடைவெளிகளை நீக்கிவிடும் வழக்கம் பல எடிட்டர்களுக்கு உண்டு. நேற்றுச் சரியாக இருந்த வெண்பா இன்று உரைநடையாகி நிற்கும். அடியின் இறுதியில் ஒரு பின்சாய்கோடு இடுவது காமன்மார்க் ஏற்கும் வழி, கண்ணுக்கும் தெரியும். கவிதைகளே அதிகம் எழுதுகிறவர் என்றால் எல்லா வரிமுறிவையும் அப்படியே காட்டும்படி ஹியூகோவிலும் ஜெக்கிலிலும் ஓர் அமைப்பு இருக்கிறது, அதை இயக்கிவிடுங்கள்.

அடிகளைச் சற்று உள்ளே தள்ளி எழுதும் அச்சு மரபையும் இங்கே பின்பற்ற முடியாது. வரித் தொடக்கத்தில் நான்கு இடைவெளி விட்டால் மார்க்டவுன் அதை நிரல் வரி என்று எண்ணி, சாம்பல் நிறப் பெட்டிக்குள் போட்டுவிடும். உள்ளே தள்ளும் வேலையைத் தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் கோப்பில் செய்யுங்கள்.

சில சொற்கள் தடித்து வருகின்றன, சில இடங்களில் நட்சத்திரக் குறிகளே அப்படியே தெரிகின்றன. ஏன்?

வேற்றுமை உருபைச் சொல்லோடு ஒட்டி எழுதும் நமக்கு இது அடிக்கடி நேரும். காமன்மார்க் விதிப்படி, மூடும் நட்சத்திரக் குறிகளுக்கு முன்னால் மேற்கோள் குறி போன்ற நிறுத்தக்குறி இருந்து, பின்னால் உடனே ஓர் எழுத்து வந்தால், அவை மூடும் குறிகளாக ஏற்கப்படா. ஆகவே `**"நெய்தல்"**இல்` என்று எழுதினால் குறிகள் அப்படியே திரையில் நிற்கும். மேற்கோளை வெளியே எடுத்து `"**நெய்தல்**"இல்` என்று எழுதுங்கள், சரியாகிவிடும்.

சாய்வெழுத்துக்கு அடிக்கோட்டைப் பயன்படுத்துவதையும் விட்டுவிடுங்கள். `_நெய்தல்_இல்` என்பது சாயாது, `*நெய்தல்*இல்` சாயும். தமிழ் எழுதும்போது எப்போதும் நட்சத்திரக் குறிதான் பாதுகாப்பு.

காலை ஏழு மணிக்கு வெளியிட்ட பதிவு மாலை வரை தளத்தில் வரவே இல்லை. பிழைச்செய்தியும் இல்லை.

எதிர்காலத் தேதியிட்ட பதிவுகளை ஹியூகோவும் ஜெக்கிலும் இயல்பாகவே வெளியிடுவதில்லை. ஹியூகோவில் நேர வலயம் குறிப்பிடாமல் 07:00 என்று எழுதினால் அது உலகப் பொது நேரமாகக் கொள்ளப்படும். நமக்கு அது பகல் 12:30. காலையில் தளத்தை உருவாக்கும் வழங்கிக்கு அந்தப் பதிவு இன்னும் வராத ஒன்று. எனவே பேசாமல் விட்டுவிடுகிறது. 12:30க்குத் தானாகவே வந்துவிடும் என்றும் இல்லை, மறுபடி யாராவது தளத்தை உருவாக்கினால்தான் வரும். தேதியை மட்டும் எழுதி நேரத்தை விட்டாலும் நள்ளிரவுக்கும் காலை 5:30க்கும் இடையே இதே சிக்கல்தான். சிங்கப்பூர், மலேசிய நண்பர்களுக்கு எட்டு மணி நேரம் தள்ளிப்போகும்.

தேதியின் இறுதியில் +05:30 என்று சேர்த்துவிடுங்கள். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இதுவே. அல்லது தள அமைப்புக் கோப்பில் நேர வலயத்தை ஒருமுறை குறித்துவிடுங்கள்.

குறிச்சொல் பட்டியலில் "கொழும்பு" இரண்டு முறை வருகிறது. இரண்டும் ஒன்று போலவே இருக்கின்றன.

கண்ணுக்குத்தான் ஒன்று. யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலும் என்று இரண்டு குறியெண்களாகவும் எழுதலாம். சில விசைப்பலகைகளும் பழைய எழுத்துரு மாற்றிகளும் இரண்டாவது வகையைத் தருகின்றன. கருவிக்கு அவை வெவ்வேறு சொற்கள், எனவே இரண்டு பக்கங்கள். "ஸ்ரீ"யும் இப்படித்தான், இரண்டு விதமாகக் குறியேற்றப்படுகிறது. ஔகாரத்தில் ளகரத்தைத் தட்டச்சு செய்வோரும் உண்டு.

கொம்பு, கால் சிக்கலுக்கு மட்டும் தானியங்கித் தீர்வு உண்டு. கோப்புகளை யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றும் சிறு நிரலை வெளியிடும் முன் ஓட்டினால் இரண்டும் ஒன்றாகிவிடும். "ஸ்ரீ"யையும் ளகரத்தையும் அது தொடாது, தேடி மாற்ற வேண்டும். குறிச்சொற்களைத் தட்டச்சு செய்யாமல் ஒரு பட்டியல் கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டுவது இன்னும் எளிது.

தீம் எடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

மொழிக் குறியீட்டை முதலில் பாருங்கள். பெரும்பாலான தீம்கள் பக்கத்தை ஆங்கிலம் என்று அறிவித்தே வருகின்றன. அதைத் தமிழுக்கு மாற்றினால்தான் பார்வையற்ற வாசகர்களின் திரைவாசிப்பான் தமிழ்க் குரலுக்கு மாறும். இது ஒரே ஒரு வரித் திருத்தம், தயவுசெய்து மறக்காதீர்கள்.

அடுத்து, வரி இடைவெளி. ஆங்கிலத்துக்கு அமைத்த இடைவெளியில் நம் மேல்விலங்கும் கீழ்விலங்கும் இடிக்கும், 1.7 அல்லது 1.8 வையுங்கள். பதிவின் தொடக்கத்தை எழுத்து எண்ணி வெட்டி முகப்பில் காட்டும் தீம்களைத் தவிருங்கள். "தமிழ்" என்பதைப் புள்ளிக்கு முன் வெட்டி "தமிழ" என்று நிறுத்தும். சுருக்கத்தை நீங்களே எழுதுவதே நல்லது.

கைபேசியிலிருந்து எழுத முடியுமா?

ஜெக்கிலை மேலே சொன்னபடி கிட்ஹப்பில் வைத்திருந்தால் உலாவியே போதும். ஹியூகோ என்றால் ஆண்ட்ராய்டில் டெர்மக்ஸ் என்ற முனையச் செயலியில் அதை நிறுவலாம். எழுதுவதற்கு மார்க்கார் நல்ல எடிட்டர். நான் பரிந்துரைப்பது, கைபேசியில் வரைவை மட்டும் எழுதிவிட்டு வெளியிடும் வேலையைக் கணினியில் வைத்துக்கொள்வது.

பிளாகரில் பத்து ஆண்டுப் பதிவுகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் கொண்டுவர முடியுமா?

முடியும். பிளாகரும் வேர்ட்பிரஸும் எல்லாப் பதிவுகளையும் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பாகத் தருகின்றன. இரண்டுக்கும் மாற்றி நிரல்கள் உண்டு. பேண்டாக் எச்டிஎம்எல்லை மார்க்டவுனாக்கித் தரும். படங்கள் அந்தக் கோப்பில் இருக்காது, அவற்றின் இணைப்புகள்தான் இருக்கும். பழைய தளத்தை மூடுவதற்கு முன் படங்களைத் தனியாக இறக்கிவிடுங்கள்.

பழைய முகவரிகளையும் காப்பாற்றுங்கள். தமிழ்த் தலைப்பிட்ட பதிவுகளுக்கு பிளாகர் "பிளாக் போஸ்ட்" என்று பொதுப் பெயரும் எண்ணும் கொடுத்து வந்ததைப் பார்த்திருப்பீர்கள். அவலட்சணம்தான், ஆனால் பிறருடைய பதிவுகளிலும் விக்கிப்பீடியாவிலும் அந்த இணைப்புகள் இருக்கின்றன. சொந்த முகவரியில் இருந்தவர்கள், ஹியூகோவில் பதிவின் மாற்று முகவரியாக அதை எழுதிவிட்டால் பழைய இணைப்பில் வருபவர் புதிய பக்கத்துக்குப் போய்ச் சேர்வார். ஜெக்கிலில் இதற்கு ஒரு துணைப்பொதி உண்டு; கிட்ஹப் பேஜஸும் அதை ஏற்கிறது.

வாசகர்களின் மறுமொழிகள், தேடல் எல்லாம் என்ன ஆகும்?

மறுமொழிக்கு வழங்கியில் ஓடும் நிரல் வேண்டும், இந்த முறையில் அது கிடையாது. கிஸ்கஸ் போன்ற மறுமொழிச் சேவைகளை இணைக்கலாம், ஆனால் வாசகர் கிட்ஹப் கணக்கு வைத்திருக்க வேண்டும். தமிழ் இலக்கிய வாசகரிடம் அதை எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. பதிவின் கீழே மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்து, வரும் கடிதங்களில் நல்லவற்றை அனுமதி பெற்றுப் பதிவோடு சேருங்கள்.

தேடலுக்கு, உலாவியிலேயே ஓடும் லூனர் போன்ற நிரல்கள் உண்டு. அதன் கூடுதல் மொழித்தொகுப்பில் தமிழும் இருக்கிறது. உருபு ஏறிய சொற்களை எல்லா இடத்திலும் அது கண்டுபிடித்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

நாளை ஹியூகோவையே கைவிட்டுவிட்டால் என் நிலை என்ன?

உருவாக்கிய எச்டிஎம்எல் பக்கங்கள் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். சேமித்து வைக்கச் சொன்ன பழைய இயக்கக் கோப்பைக் கொண்டு புதிய பதிவுகளும் போடலாம். அவசரமில்லாமல் அடுத்த கருவியைத் தேடலாம்.

மாறும்போது வேலை வைப்பது பதிவின் நடுவே எழுதிய அந்தக் கருவிக்கே உரிய குறிகள்தான். யூடியூப் காணொளியையோ படத்தொகுப்பையோ செருக ஹியூகோ தரும் குறுங்குறிகள் வேறெங்கும் புரியாது. அவற்றுக்குப் பதில் சாதாரண இணைப்பும் சாதாரணப் படக் குறியும் பயன்படுத்துங்கள். பதிவுக் கோப்பின் தொடக்கத்தில் கருவிக்கான விவரங்களை எழுதும் பகுதியில் தலைப்பு, தேதி, முகவரி, குறிச்சொல் இந்த நான்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெரும்பாலான கருவிகளில் இவற்றுக்கு இடம் உண்டு. பழைய முகவரியைக் காக்கும் வரி மட்டும் கருவிக்குக் கருவி மாறும், அதைத் தேடி மாற்றும் கட்டளையால் ஒரே மூச்சில் திருத்திவிடலாம்.